எழும்பூர் மியூசியம்: ஒரு பகலில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி, அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மாலையே ஊர் திரும்ப வேண்டும். கூட ஐந்தாவது படிக்கிற பையன், ஒன்பதாவது படிக்கிற பெண். வீட்டுக்காரரோ, ‘செத்த காலேஜில் என்ன இருக்கு, தூசிதான்’ என்கிறார். போவது பிரயோஜனமா, போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாகப் போங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று மட்டும் போகாதீர்கள். பாந்தியன் சாலையில் இருக்கிற அந்த வளாகம் சுமார் 16 ஏக்கர். 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். முதல் அறையிலிருந்து ஒன்றுவிடாமல் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குப் பதினொரு மணிக்குக் கால் வலி, பன்னிரண்டு மணிக்குப் பசி, ஒரு மணிக்குப் பிள்ளைகள் செல்போன் கேட்பார்கள். ‘தூசிதான்’ என்பது பெரும்பாலும் அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்களின் தீர்ப்பு. ஐந்தாறு பொருள்களை நின்று பார்த்தால் போதும். மற்றதெல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் லாபம்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமானது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் முன்னால் நின்றால், இது எதால் ஆனது, எப்படிச் செய்தார்கள், செய்த இடத்திலிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றும். முதல் இரண்டுக்கும் லேபிளில் பாதிப் பதிலாவது இருக்கும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் இருக்காது. சுவாரசியம் பூராவும் அதில்தான் இருக்கிறது. இந்த மியூசியத்தில் அறிவியலையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் புரியும் என்பது என் கட்சி.

அது பிறந்த கதையே அப்படிப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த சுமார் 1100 பாறை, கனிம மாதிரிகளைக் கொண்டு 1851-இல் தொடங்கினார்கள். இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்த பழைய அருங்காட்சியகம் இதுதான். பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். முதலில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திக்கொண்டிருந்த ‘பாந்தியன்’ என்ற மாளிகைக்கு 1854-இல் குடிவந்தது. அடுத்த வருடமே பால்ஃபர் உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து கட்டிப்போட்டார், கூட்டம் அலைமோதியது. அந்த மிருகக்காட்சிசாலை பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று. அது உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். உங்கள் வீட்டுக்காரர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, சென்னைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதுதான்.

சரி, உள்ளே போவோம்.

நுழைந்ததும் செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடத்துக்குப் போய்விடுங்கள். மனசும் காலும் களைக்காமல் இருக்கும்போது பார்க்க வேண்டியது அது. கோயிலில் உற்சவரை நாம் முழுசாகப் பார்ப்பதே இல்லை. பட்டும் மாலையும் கவசமும் போக, முகமும் கையும் தெரிந்தால் பெரிய விஷயம். இங்கே அலங்காரம் எதுவும் இல்லாமல் நிற்பார்கள். இடுப்பு வளைவு, தோளிலிருந்து இறங்கும் பூணூல், மடிப்பு மடிப்பான ஆடை எல்லாமே ஸ்தபதி நினைத்தபடி தெரியும். முடிந்தவரை பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். பக்தர் யாரும் பார்க்கப்போகாத முதுகிலும் சடையிலும் அதே அளவு வேலை இருக்கும்.

அப்புறம் பீடத்துக்கு இறங்குங்கள். பக்கவாட்டில் வளையமோ துளையோ இருக்கும். கழியைக் கோத்துத் தூக்கிப்போக வைத்தது. சாமியைச் சுற்றி வளைவாக நிற்கிற திருவாசியைச் செருகுவதற்கான முளைகளும் தெரியும். வீதி உலாவுக்காகச் செய்த சாமி என்பதற்கு அந்தத் துளைதான் அத்தாட்சி. பெரும்பாலான சோழர் காலத் திருமேனிகள் உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக வார்த்தவை. அந்தக் கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாட வீதியும் சுற்றிய ஸ்ரீபாதம் தாங்கிகளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் பையனிடம்.

பெண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். சில திருமேனிகளில் கண், மூக்கு, உதடு எல்லாம் மழுங்கிப்போயிருக்கும். சிலவற்றில் புருவக் கோடுகூட நேற்றுச் செதுக்கியதுபோல் கூர்மையாக இருக்கும். நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் செய்து தேய்த்துத் துலக்கியவை மழுங்கியவை. நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்தவற்றுக்கு அந்தத் தேய்மானம் குறைவு. எது அதிக நாள் பூசையில் இருந்திருக்கும் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

மண்ணுக்குள் ஏன் கிடந்தன? போர்க்காலங்களில், குறிப்பாக 1311-இல் டில்லி சுல்தானின் படைத்தலைவர் மாலிக் கபூர் தெற்கே வந்த சமயத்திலும் அதற்குப் பிறகும், கோயில்காரர்களே திருமேனிகளைப் பூமிக்குள் பத்திரப்படுத்தினார்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இடமும் மறந்துவிட்டது. பிறகு யாராவது கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலைச் சமன்செய்யும்போதோ மண்வெட்டியில் ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். 1878-இல் வந்த புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கூடத்தில் இருக்கிற பல திருமேனிகள் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் எழும்பூர் வந்தன. லேபிளில் ஊர்ப் பெயர் இருக்கும், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வரிசையாக வரும்.

திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுற்றிலும் தீச்சுடர் வளையம் இல்லை, விரிசடையும் இல்லை. நாம் காலண்டரில் பார்த்துப் பழகிய உருவத்திலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் உடம்பின் சமநிலை ஒன்றுதான், அது இங்கே பளிச்சென்று தெரியும். ஊன்றிய வலது காலுக்கு நேர் மேலே தலை வருகிறதா என்று பாருங்கள். தூக்கிய இடது கால் ஒருபக்கம் இழுக்க, எந்தக் கை அதை ஈடுகட்டுகிறது என்று பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னைக்கு வந்ததே இல்லை. இந்த மியூசியத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்தது 1921-இல், அவர் இறந்த பிறகு. புகைப்படத்தைப் பார்த்தே அவர் மயங்கினார். நமக்கு நேரிலேயே கொடுத்துவைத்திருக்கிறது, நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரியையும் தவறவிடாதீர்கள். வலப்பாதிக்கு ஆண் தோள், இடப்பாதிக்குப் பெண் இடுப்பு, ஆனாலும் நடுவில் ஒட்டுப்போட்ட கோடு தெரியாது. இந்தப் பாதி இப்படி, அந்தப் பாதி அப்படி என்று சுட்டிக்காட்ட முடியும். எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

பக்கத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இருப்பார்கள். தலை உச்சியில் தீக்கொழுந்துபோல ஒரு சுடர் இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் கொடையாக எழுதிவைத்தான். 1856-இலிருந்து நாகப்பட்டினத்தில் தோண்டத் தோண்ட நூற்றுக்கணக்கில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. நடராசரும் புத்தரும் ஒரே சோழர் ஆட்சியில், ஒரே மாதிரி வார்ப்பு முறையில் உருவானவர்கள். உங்கள் பெண்ணின் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு பாடமாக இருக்கும்.

வார்ப்பு முறையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் சாமியை மெழுகில் செய்வார்கள். அதன் மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, இன்னும் கனமாக மண்ணை அப்பி, கம்பி கட்டிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதனால் ஒரு திருமேனிக்கு அச்சு அசலாக இன்னொன்று பிறக்க வழியே இல்லை. கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில் இன்றும் காவிரி வண்டலைக் கொண்டு இதே முறையில்தான் செய்கிறார்கள். ஐம்பொன் என்கிறோமே தவிர, பெரும் பங்கு செம்புதான்.

இங்கேதான் என் பாடம் வருகிறது. மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனியில் களிம்பு ஏறியிருக்கும். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகப் படிந்த களிம்பு நல்லது, அது கவசம். ஆனால் சில இடத்தில் வெளிர்ப்பச்சையில் மாவு மாதிரி ஒரு பொடி உதிரும். அதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர். மண்ணிலோ கடற்காற்றிலோ இருக்கிற உப்பு உள்ளே புகுந்து செம்போடு சேர்ந்து குளோரைடாக உட்கார்ந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் அது அமிலத்தை விடும், அமிலம் புதிய செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். பல்லில் சொத்தை விழுந்த மாதிரிதான்: மேலே சின்னப் புள்ளி, உள்ளே குடைந்துகொண்டே போகும். மியூசியத்துக்கு வந்துவிட்டோம், இனி பத்திரம் என்று சாமி நிம்மதியாக இருக்க முடியாது. சென்னையின் கடற்காற்றும் ஈரமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருக்கும்.

இதற்கென்றே 1930-இல் இங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். இந்திய அருங்காட்சியகங்களில் அந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அதை நடத்தினார். திருமேனியை நீர்த்த காரக் கரைசலில் இறக்கி, அதையே எதிர்மின்வாயாக வைத்து, மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவது அவர் கையாண்ட முறை. குளோரைடு அயனிகள் உலோகத்தை விட்டு நேர்மின்வாய்ப் பக்கம் நகரும். தொட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு வெளியே வருவது நிற்கும்வரை விட வேண்டும். மின்னாற்பகுப்பு என்று பாடத்தில் வரும்போது செம்பு முலாம் பூசுவதை மட்டும்தான் உதாரணம் காட்டுகிறோம். ஒரு சோழர் காலத்துச் சாமியை அதே விதியால் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னால், கடைசி பெஞ்ச் பையனும் நிமிர்ந்து உட்காருவான். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணச்சாந்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்தவரும் இதே பரமசிவன்தான்.

அடுத்து அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில், சாதவாகனர் காலத்தில் சிறந்து விளங்கிய பெரிய பௌத்த தூபியிலிருந்து வந்தவை. பார்த்தால் பளிங்கு என்று தோன்றும், உண்மையில் வெளிர்ச் சுண்ணாம்புக்கல். அதுவே அதற்கு வினையாகவும் போயிற்று. 1790-களின் கடைசியில் அந்தப் பகுதி ஜமீன்தார் புதிதாக ஊர் கட்டும்போது தூபியை வெட்டிக் கல்லெடுத்தார்கள். சிற்பப் பலகைகளைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கியதும் நடந்தது. புத்தர் கதை செதுக்கிய கல், யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போய்விட்டது. தற்செயலாக அங்கே போன காலின் மெக்கன்சி என்ற சர்வே அதிகாரி பிறகு 1816-இல் ஆள் வைத்து அளந்து படம் வரைந்து வைத்ததால்தான் பலகைகள் எப்படி இருந்தன என்பதே தெரிகிறது. 1845-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி எடுத்தவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். அவை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் அதில் 121 பலகைகளைப் பெட்டி கட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள், இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பது பெரும்பாலும் பிறகு நடந்த அகழாய்வுகளில் வந்தது. 1880-களில் அவற்றைப் பத்திரப்படுத்துகிறேன் என்று சிமென்ட் வைத்துச் சுவரிலேயே பதித்தார்கள். சிமென்டின் உப்பு கல்லுக்குள் இறங்கி மேற்பரப்பைப் பொரிய வைத்தது. செம்புக்கு மண்ணின் உப்பு என்றால் கல்லுக்குச் சிமென்டின் உப்பு.

அங்கே ஒரு வட்டச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்: நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்குகிற காட்சி. இடதுபக்கம் யானை ஒரு ஆளைத் துதிக்கையில் பிடித்துச் சுழற்றுகிறது, தெருவில் ஜனங்கள் அலறிச் சாய்கிறார்கள். வலதுபக்கம் அதே யானை முட்டி போட்டுப் புத்தர் காலடியில் குனிந்திருக்கிறது. மேலே மாடி ஜன்னலில் பெண்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு தடவை. படக்கதை வாசிக்கிற ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம், அவனே உங்களுக்கு விளக்குவான்.

தொல்பழங்காலப் பகுதியில் அதிக நேரம் வேண்டாம், ஆனால் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். ஒன்று, கற்கருவிகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராணுவ மைதானத்துப் பக்கமிருந்த சரளைக் குழியில் ஒரு கைக்கோடாரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு முதல் சாட்சி அது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அந்த அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-இல் ஆய்வு வந்தது. ஃபூட் ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு 1904-இல் இந்த மியூசியத்துக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் வெறும் கூழாங்கல்லாகத்தான் தெரியும். அதனால் இப்படிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை சில்லுச் சில்லாகப் பெயர்த்த குழிகள் இருக்கும், ஒவ்வொரு குழியும் மனிதன் தட்டிய ஒரு தட்டு. ஆற்றில் உருண்ட கல்லுக்கு அப்படி ஒழுங்கான குழிகள் வராது. கல் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை, தட்டினால் கத்தி மாதிரி விளிம்பு விடும். எந்தக் கல் எப்படி உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதுவும் ஒரு புவியியல்தான்.

பல்லாவரம் என்றதும் இன்னொன்று. கல்கத்தாவைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படுகிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் பல்லாவரத்துக் கல். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். உலகத்துப் புவியியல் புத்தகங்களிலெல்லாம் நம்ம பல்லாவரத்துக் கல் கல்கத்தாக்காரர் பேரில் இருக்கிறது.

நிற்க வேண்டிய இன்னொரு இடம் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் 1899 முதல் 1905 வரை தோண்டியவை. முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதங்கள், எருமை உருவம் வைத்த வெண்கல மூடிகள், காகிதம்போல மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள். ஒரே இடுகாட்டிலிருந்து வந்த பொன்னையும் வெண்கலத்தையும் இரும்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொன் அப்படியே மின்னும், வெண்கலம் பச்சை பூத்திருக்கும், இரும்பு துருவேறிப் பொருபொருவென்று வீங்கியிருக்கும். உலோகங்களின் வினைத்திறன் வரிசையை நான் கரும்பலகையில் எழுதி நெட்டுரு போட வைத்தேன், இங்கே அது அலமாரியில் இருக்கிறது. பானைகளையும் கவனியுங்கள். வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய்ப்பக்கமும் கறுப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது, காற்றுப் போகாத உட்பக்கம் கறுத்தது. பூச்சு எதுவும் கிடையாது, சுட்ட விதம்தான் நிறம்.

இந்நேரம் பையன் ‘அம்மா, மிருகம் எங்கே’ என்று ஆரம்பித்திருப்பான். நியாயம்தான். விலங்கியல் பகுதிக்குப் போங்கள். பஞ்சடைத்த பறவைகளும் விலங்குகளும் பலதும் பழசு, நிறம் வெளுத்திருக்கும், அங்கே வீட்டுக்காரர் சொன்ன தூசிக்கு ஓரளவு ஆதாரம் கிடைக்கும். எலும்புக்கூடுகள்தான் அங்கே விசேஷம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்றுகொண்டு அதன் துடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே துடுப்பு, உள்ளே விரல் எலும்புகள். அப்படியே யானையின் முன்னங்காலையும் ஒரு பறவையின் இறக்கையையும் பார்த்துவிட்டு வந்தால், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒரே சங்கிலியை நீட்டியும் குறுக்கியும் இயற்கை வேலை வாங்கியிருப்பது தெரியும். பரிணாமம் பற்றி இதைவிட அதிகமாக அவனுக்கு இப்போது சொல்ல வேண்டியதில்லை.

புவியியல் பகுதியில் மரப் புதைபடிவங்களைப் பார்த்தால் உங்கள் ஜில்லாக்காரர்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் நாரும் வளையமும் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது மட்டும் சிறிது சிறிதாகச் சிலிக்காவாக மாறியது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். திருவக்கரைக்கு வக்கிரகாளி கோயிலுக்குப் போகிறவர்கள் ஏராளம், பக்கத்தில் கல்மரப் பூங்காவுக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம். எழும்பூருக்கு வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு நடை போய் வந்தீர்களானால், இங்கே கண்ணாடிக்குள் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமாக இருக்கும்.

மானிடவியல் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டவர். மனிதர்களை நிறுத்திவைத்துத் தலையையும் மூக்கையும் கவராயம் போன்ற கருவியால் அளந்தவரும் அவர்தான். மூக்கின் அகலத்தை வைத்துச் சாதிக்கு விளக்கம் தேடுகிற அந்தக் காலத்து ‘அறிவியல்’ இன்று செல்லாது. ஆனால் தோடர், குறும்பர் போன்றோரின் பொருள்கள் இங்கே இவ்வளவு சேர்ந்ததற்கும் அதே ஆர்வம்தான் காரணம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அளந்தவர் யார், அளக்கப்பட்டவர் யார் என்று அவளாகவே கேட்பாள்.

கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்தால் போதும். மியூசியம் தியேட்டரும் கன்னிமாரா நூலகமும் 1896-இல் திறந்தவை. இளஞ்சிவப்புக் கல்லில் முகலாயப் பாணி முகப்போடு நிற்பது 1909-இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம், பிறகு தேசிய கலைக்கூடம் ஆனது. இதையும் கன்னிமாராவையும் வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது, பொம்மைகள் நிறைய. உங்கள் பையன் வயதுக்கு அது கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நேரம் மிஞ்சினால் மட்டும் போங்கள்.

இனி நடைமுறை. வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்து வந்து கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். காலை 9.30-க்குத் திறந்து 5 மணிக்கு மூடுவார்கள். காணும் பொங்கல் பக்கம் தலைவைக்காதீர்கள், கூட்டம் தாங்காது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். உள்ளே வெகுவாக நடக்க வேண்டும் என்பதால் தண்ணீரும் நல்ல செருப்பும் முக்கியம். சாப்பாட்டுக்கு வெளியே வந்து எழும்பூரில் சாப்பிடுவது உத்தமம். ஏதாவது ஒரு கூடம் பராமரிப்புக்காக மூடியிருப்பது இங்கே சகஜம். டிக்கெட் வாங்கும்போதே செப்புத் திருமேனிக் கூடமும் அமராவதிக் கூடமும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நுழையுங்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். எடுத்தாலும் ஃப்ளாஷ் வேண்டாம்.

செல்போனுக்குப் பதில் பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஆளுக்கு ஒரு பொருளை மட்டும் வரையட்டும். கைக்கோடாரியை வரையச் சொன்னால் அந்தச் சில்லுக் குழிகளை எண்ணாமல் வரைய முடியாது, எண்ண ஆரம்பித்தால் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும் என்று பையன் எதிர்பார்த்தால் அது எழும்பூரில் கிடைக்காது. அதற்குக் கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். எழும்பூரில் மூன்று மணிக்கு முடித்துவிட்டு, நேரம் இருந்தால் பக்கத்திலேயே கன்னிமாராவின் பழைய கட்டடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கோட்டூர்புரத்தைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.